ஓவர் அண்ணாச்சி வீட்டு ஒயர்லெஸ்

தூத்துக்குடியில் பாலைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, மீனைச் சந்தேகப்படுகிறவர்கள் உண்டு, மருமகளைச் சந்தேகப்படுகிறவர்களுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் காற்றைச் சந்தேகப்பட்டவர் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவர்தான். எங்கள் பக்கத்து வீட்டு ஓவர் அண்ணாச்சி.

"காத்துல என்னென்னமோ போகுதுவே. யாரு விட்டான், யாரு பிடிச்சான்னு ஒரு கேள்விமுறை இல்ல. இதுக்குள்ள நின்னு மூச்சு விடுதோம் பாத்தீரா, அதுவே பெரிய தைரியம். ஓவர்" என்பார்.

இந்த 'ஓவர்'தான் அவருக்குப் பெயராகிவிட்டது. கப்பலில் ரேடியோ ஆபீசராக உலகம் சுற்றியவர். செயற்கைக்கோள் வந்து அந்த உத்தியோகமே கப்பல்களில் இல்லாமல் போனபோது கரை ஏறினார். பேசி முடித்ததும் ஓவர் சொல்கிற பழக்கத்தையும் கூடவே இறக்கிக்கொண்டு வந்துவிட்டார். அவர் ஓவர் சொல்லும்வரை நாம் வாய் திறக்கக்கூடாது. நாம் ஓவர் சொல்லாவிட்டால் அவர் பதில் சொல்லமாட்டார், நம் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த புது ஆள் ஒருவன் இது தெரியாமல், பாவம் இவருக்குக் காது கேட்காதுபோல என்று முடிவுகட்டி, சைகையிலேயே பேசி சிலிண்டரைக் கொடுத்துவிட்டுப் போனான். 'அவர் செய்யிறது எல்லாமே ரொம்ப ஓவர், அதான் அந்தப் பேரு' என்று தெருவில் இன்னொரு விளக்கமும் உண்டு. இரண்டும் சரிதான். அத்தனை ஓவரையும் எழுதினால் தாள் தாங்காது, பாதியை இங்கே விட்டுவிடுகிறேன்.

கரைக்கு வந்தாலும் அவர் ரேடியோவை விடவில்லை. மொட்டைமாடியில் ஒரு தகரக் கொட்டகை. அதற்குள் ஹாம் ரேடியோ, சட்டம் போட்ட லைசென்ஸ், பக்கத்தில் மாதா படம். ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் மாலத்தீவில் மழையா, கொழும்பில் காற்றா என்று விசாரித்துக்கொண்டே இருப்பார். நான் துறைமுகத்தில் ஒரு கப்பல் ஏஜென்சியில் குப்பை கொட்டிக்கொண்டிருந்தேன். வானிலை விஷயத்தில் எங்கள் ஆபீசைவிட அண்ணாச்சியைத்தான் நம்புவேன்.

அவர் மனைவி ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், சாத்தான்குளத்துக்காரர். தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும், அண்ணாச்சியும் அப்படியே. ஒருநாள் அண்ணாச்சி மாடியில் மாலத்தீவு மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, கீழே கொல்லைக் குளியலறையில் டீச்சர் வழுக்கி விழுந்துவிட்டார். கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். கடைசியில் சத்தம் கேட்டுச் சுவரேறிக் குதித்தவன் நான். கூட்டம் சேர்ந்தபின் மாடியிலிருந்து இறங்கிவந்த அண்ணாச்சி, "என்னவே கூட்டம்? ஓவர்" என்றார். டீச்சருக்கு மணிக்கட்டு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டுப்போட்டுத் திரும்பும்வரை அண்ணாச்சி அந்த வார்த்தையைச் சொல்லவே இல்லை. எத்தனையோ கடலுக்கு அப்பால் உள்ளவன் பேச்சைக் கேட்ட காதுக்கு, கீழ்வீட்டில் மனைவி கூப்பிட்டது கேட்கவில்லை. அது அவரை உலுக்கிவிட்டது.

ஒரே மகன் பிரின்ஸ், சிங்கப்பூரில் கம்ப்யூட்டர் கம்பெனி. போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "ஒண்ணு, வீடு பூரா சென்சார் வச்சு ஸ்மார்ட் ஹோம் ஆக்குங்க. அம்மா விழுந்தா எனக்கு இங்கன தெரியணும். இல்லன்னா வீட்டை வித்துட்டு சென்னை பிளாட்டுக்குப் போங்க. மாதா திருவிழாவுக்கு வாரேன், வந்து பாத்து முடிவு பண்ணுவோம்."

டீச்சர் என் மனைவியிடம் வந்து அழுதார். "மாடி வீட்டுல கொடியில காயப்போட்ட துணி மாதிரி கெடக்கவா நான்? இங்கன விழுந்தாலும் தூக்கிவிட நீங்க இருக்கீய. அங்கன விழுந்தா லிப்டுதான் வந்து பாக்கும்."

ஆக, காற்றையே நம்பாத மனிதர், வீடு நிறைய ஒயர்லெஸ் சாமான் வாங்கி வைத்தால்தான் டீச்சர் அந்த வீட்டில் இருக்கலாம் என்றாகிவிட்டது.

முதலில் பிரின்ஸ் அனுப்பிய வைஃபை பல்பு வந்தது. அதற்கான ஆப்பைத் திறந்ததும், நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதி வேண்டும் என்று கேட்டது. அண்ணாச்சி என்னை அழைத்துக் காட்டினார்.

"பல்பு தொங்கப்போறது எங்க வீட்டுக் கூடத்துல. நான் எங்க இருக்கேன்னு அதுக்கு எதுக்குவே தெரியணும்? ஓவர்."

"எல்லா ஆப்பும் கேக்கும் அண்ணாச்சி, சும்மா சரின்னு அமுக்குங்க. ஓவர்."

அமுக்கினார். அடுத்து, போனில் உள்ள நம்பர்களைப் பார்க்கலாமா என்று கேட்டது. "ஏன், இது யாருக்குவே போன் போடப் போகுது?" என்று பல்பை உற்றுப் பார்த்தார். அதோடு விடவில்லை. வீட்டு இணையப் பெட்டிக்குள் நுழைந்து, பல்பு யாரோடு பேசுகிறது என்று கண்காணித்தார். அணைந்து கிடக்கும்போதுகூட அது ஏதோ வெளிநாட்டு முகவரியோடு தொடர்பு கொள்வதைக் கண்டுபிடித்துவிட்டார். "அணைச்ச பல்பு எவன்கூடயோ பேசுதுவே! எரிஞ்சுக்கிட்டே பேசுனாலும் ஒரு நியாயம் இருக்கு."

மறுநாள் காலையில் டீச்சர் இட்லிச் சட்டியைத் திறந்து அலறினார். உள்ளே பேட்டரி விளக்கு ஒன்றில் மாட்டப்பட்ட அந்தப் பல்பு உட்கார்ந்திருந்தது. மூடிய உலோகப் பாத்திரத்துக்குள் வைத்தால் சிக்னல் வெளியே போகாதாம், காவலில் வைத்து விசாரிக்கிறாராம். "ஒத்தக் கையால மூடியத் தொறக்கேன், உள்ள இவரோட கைதி கெடக்கான்!" என்று டீச்சர் என் மனைவியிடம் முறையிட்டார். அன்று அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டிலிருந்துதான் இட்லி போயிற்று.

அடுத்து, பேசினால் பதில் சொல்கிற பெட்டி ஒன்று வந்தது. அதை அவர் துண்டு போட்டு மூடியே வைத்திருந்தார். ஒட்டுக் கேட்கிறதா என்று சோதிக்க ஒரு பொறியும் வைத்தார். துண்டை விலக்கி, பெட்டிக்குக் கேட்கும்படி, "ஏளா டீச்சர், நம்ம யானைக்குத் தீவனம் தீந்துபோச்சுல்லா! நல்ல தீவனம் எங்க கிடைக்கும்?" என்றார். டீச்சர் அயராமல், "போன தடவை வாங்குனத அது திங்கவே இல்ல" என்றார். இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியின் போனில் மாட்டுத் தீவன விளம்பரம் ஒன்று வந்தது. தெருவில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். யானைக்கும் மாட்டுக்கும் வித்தியாசம் தெரியாத ஒற்றன் என்று அந்தப் பெட்டியை அட்டையில் கட்டி மகனுக்கே திருப்பி அனுப்பிவிட்டார்.

புளூடூத்துக்கு அவர் அதிக நேரம் ஒதுக்கவில்லை. "அது பக்கத்துல உக்காந்து காதுல ஓதுத பய. எங்க வீட்டுச் சுவரத் தாண்டாது" என்று ஒதுக்கிவிட்டார். கேமரா வைக்கலாமே என்றேன். "கேமரா யாரைப் பாக்குதுன்னு நமக்குத் தெரியும். கேமரா வழியா யாரு பாக்கான்னு உமக்குத் தெரியுமா?" என்று கேட்டார். எனக்குத் தெரியாது.

இந்த நேரத்தில்தான் எல்லாக் கம்பெனி சாமானும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதற்கு 'மேட்டர்' என்று ஒரு புது ஏற்பாடும், அதற்குத் துணையாக 'த்ரெட்' என்று இன்னொன்றும் வந்திருப்பதாகப் படித்துவிட்டார். எனக்கு லீவு நாள். துணைக்கு வாரும் என்று பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனார். எலக்ட்ரானிக்ஸ் கடையில் திருவிழாக் கூட்டம். குடும்பம் குடும்பமாக மிக்சியும் குக்கரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சிக்குக் கப்பலில் பேசிய குரல்.

"தம்பி! மேட்டர் இருக்கா? ஓவர்."

கடை நின்றுவிட்டது. குக்கர் மூடியைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் மூடியை அப்படியே வைத்துவிட்டுத் தன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டார். கடைப் பையன் என்னைப் பார்த்தான். எனக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல நான் மின்விசிறி விலையைப் படிக்க ஆரம்பித்தேன். அண்ணாச்சியோ அவனுக்குப் புரியவில்லை என்று நினைத்து விளக்கமாகக் கேட்டார். "பழசு வேண்டாம்வே, புதுசா வந்திருக்காமே? வீட்டுக்கு வேணும். டீச்சருக்கும் எனக்கும்."

முதலாளியே கல்லாவைவிட்டு எழுந்துவந்து அவர் தோளில் கைபோட்டு ஓரமாக அழைத்துப் போனார். "அண்ணாச்சி, உங்க வயசென்ன, மரியாதை என்ன. இங்கன குடும்பமா வந்து நிக்காங்க."

"குடும்பத்துக்குத்தான்வே கேக்கேன்! மேட்டர் இல்லன்னா த்ரெட்டாவது இருக்கா?"

"நூல் எல்லாம் ஜவுளிக்கடையில அண்ணாச்சி. எதிர்த்தாப்புல."

நாங்கள் வீடு திரும்புவதற்குள் செய்தி தெருவுக்கு வந்துவிட்டது. தெருவில் மாதா சொரூபம் வைத்த கெபி அருகே பூக்கட்டும் பெண்கள் அண்ணாச்சியைப் பார்த்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்கள். சாயங்காலம் ஒரு உறவுக்கார அம்மாள், டீச்சருக்கு ஆறுதல் சொல்வதற்கென்றே பழம் வாங்கிக்கொண்டு வந்தார். "நீ மனச விட்ராத. ஆம்பளைக்கு இந்த வயசுல இப்படி ஒரு கிறுக்கு வரும்." டீச்சருக்கு ஒன்றும் புரியாமல் என்னைக் கேட்டார். நெளிந்துகொண்டே நடந்ததைச் சொன்னேன். டீச்சர் கட்டுப்போட்ட கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு சிரித்தார், கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். விழுந்த நாளிலிருந்து அவர் சிரித்து நாங்கள் பார்க்கவில்லை. அண்ணாச்சி வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்ன தப்பாகக் கேட்டோம் என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை.

கடைசியில் அவர் தேர்ந்தெடுத்தது ஜிக்பீ என்கிற இன்னொரு ஒயர்லெஸ் வகை. அதற்கும் காரணம் சந்தேகம்தான். "இதுக்கு இன்டர்நெட்டு வேண்டாம்வே. வீட்டுப் பேச்சு வீட்டுக்குள்ளயே நிக்கும். பிரின்ஸுக்கு மட்டும் ஏதாவது கோளாறுன்னா ஒரு செய்தி போகும். அதுவும் நான் எழுதுன செய்தி. ஓவர்."

அது எப்படி வேலை செய்கிறது என்று நான் கேட்டிருக்கக்கூடாது. கேட்டுவிட்டேன். "இத மெஷ்ஷும்பான், வேற ஒண்ணுமில்ல, வலைதான். கண்ணி கண்ணியா நிக்கும். பேட்டரியில ஓடுத சென்சார் இருக்கு பாத்தீரா, அது சோம்பேறி. தன் பேச்சைப் பேசிட்டு உறங்கிரும். கரண்டுல ஓடுத பிளக்குதான் அடுத்தவன் பேச்சையும் வாங்கி அங்கிட்டுக் கடத்தும்." அந்தப் பழைய வீட்டின் சுவர்கள் ஒவ்வொன்றும் கோட்டைச் சுவர். அதனால் கூடத்தில் ஒரு பிளக், நடையில் ஒரு பிளக், அடுக்களையில் ஒரு பிளக் என்று வரிசையாகக் குத்தி, கொல்லைக் குளியலறைச் சென்சார்வரை வலையை இழுத்துவிட்டார். ஏதாவது ஒரு பிளக் பதில் சொல்லாவிட்டால் மாடிக் கொட்டகையில் அவர் காதுக்குப் பக்கத்தில் ஒரு பஸ்ஸர் அலறும். அந்தப் பஸ்ஸருக்கு மட்டும் ஒயர் இழுத்திருந்தார். "ஏன் அண்ணாச்சி, அதுவும் ஒயர்லெஸ்ஸா இருக்கக்கூடாதா?" என்றேன். "உயிர்க் காரியத்துக்கு ஒயர்லெஸ்ஸை நம்பலாமாவே?" என்றார், வாழ்நாள் முழுக்க ஒயர்லெஸ்ஸில் சம்பாதித்துச் சாப்பிட்டவர்.

டீச்சர் கையருகே அமுக்குவதற்கு ஒரு பொத்தானும் வைத்தார். முதல் நாளே டீச்சர் அதை அமுக்கினார். அண்ணாச்சி ஹெட்போனைப் பிய்த்தெறிந்துவிட்டுப் படிகளில் உருண்டு புரண்டு இறங்கி வந்தார். டீச்சர் அடுக்களையில் கரண்டியோடு நின்றுகொண்டிருந்தார்.

"குழம்பு ஆறுது. சாப்பிட வாங்க."

"ஏளா, அபாய அலைவரிசையில சோத்துக்கா கூப்பிடுதே? கப்பல்ல இப்படிச் செஞ்சா லைசென்ஸைப் பிடுங்கிருவான் தெரியுமா? உயிர் போற காரியத்துக்குத்தான் அத அமுக்கணும்!"

"இனிமே நான் அமுக்கவே மாட்டேன், போதுமா?" என்று டீச்சர் கோபித்துக்கொண்டார். சொன்னபடியே அமுக்கவில்லை.

அதற்கப்புறம்தான் வினை ஆரம்பித்தது. தினமும் பொழுது சாயும் நேரத்தில் வலை அறுந்துபோக ஆரம்பித்தது. பஸ்ஸர் கத்தும், அண்ணாச்சி ஓடிவருவார், டீச்சர் பத்திரமாக உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரத்தில் வலை தானாகச் சரியாகிவிடும். பிரின்ஸுக்குப் போகவேண்டிய செய்தியை மட்டும் அவன் வரும்வரை அண்ணாச்சி நிறுத்திவைத்திருந்தார். திருவிழாக் கொடியும் ஏறிவிட்டது. மகன் வந்து நிற்கும்போது இப்படி ஆனால் வீடு போச்சு என்று அண்ணாச்சி தெருவெல்லாம் புலம்பினார். துறைமுக ராடாரைச் சந்தேகப்பட்டார். மாடியில் உட்கார்கிற காக்கைகளைச் சந்தேகப்பட்டார். உப்புக் காற்று பிளக்கைத் தின்றுவிட்டதோ என்று எல்லாவற்றையும் கழற்றித் துடைத்தார். கடைசியில் என்னிடம் வந்தார்.

"உம்ம வைஃபை எங்க அடுக்களை வரைக்கும் வருதுவே. யாரக் கேட்டு வருது? ஓவர்."

"அண்ணாச்சி, அது சிக்னல். நானா போகச் சொன்னேன்?"

பதிலில்லை. என் முகத்தையே பார்த்தார்.

"ஓவர்!" என்று கத்தினேன்.

"ஜிக்பீயும் வைஃபையும் ஒரே ரோட்டுல போற வண்டி. உம்ம வண்டி நடு ரோட்டுல நிக்கி. ஒண்ணாம் சேனலுக்கு ஒதுக்கும்."

ஒதுக்கினேன். அப்படியும் அறுந்தது. சாயங்காலத்தில் பெட்டியையே அணைத்து வையும் என்றார். அணைத்தேன். என் மனைவி தொடர் பார்க்க முடியாமல் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. அப்படியும் அறுந்தது. "பக்கத்து வீட்டுக்காரன் நல்லவன்னு நினைச்சேன்" என்று அண்ணாச்சி கெபி முன்னால் நின்று நாலு பேரிடம் சொன்னதாகக் கேள்விப்பட்டதும் எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. நேரே அவர் வீட்டுக்குப் போனேன், கொல்லைவழியாக.

அடுக்களையில் டீச்சர் முதுகைக் காட்டி நின்றிருந்தார். ஆறிய கையை நீட்டி, சுவரில் இருந்த பிளக்கின் ஸ்விட்சை அழகாக அணைத்தார். மேலே பஸ்ஸர் கத்தியது. திரும்பியவர் என்னைப் பார்த்துவிட்டார்.

"டீச்சர்! நீங்களா? என் வைஃபைய ஊரே திட்டுது!"

"மெள்ளப் பேசுங்க" என்று வாயில் விரல் வைத்தார். முகம் சிவந்துவிட்டது. "பொத்தான அமுக்குனா அபாயத்துக்குத்தான் அமுக்கணும்னு சண்டைக்கு வாராரு. சும்மா கூப்பிட்டா காதுல விழாது. முன்னால கப்பல்ல இருந்தாரு, கூப்பிட்டா வர முடியாது, சரி. இப்ப மாடியிலதான இருக்காரு? இத அணைச்சா ஓடி வாராரு. வந்து பக்கத்துல உக்காந்து பிளக்கப் பாக்காரு, என்னையப் பாக்காரு, ஒரு வாய் காப்பி குடிக்காரு. சொல்லிராதீக."

படியில் தடதடவென்று சத்தம் கேட்டது. டீச்சர் ஸ்விட்சைப் போட்டுவிட்டு வெங்காயத்தின் முன் உட்கார்ந்துவிட்டார். சண்டை போட வந்த நான், பால் இருக்கிறதா என்று கேட்க வந்ததாகச் சொல்லி ஒரு தம்ளர் பாலோடு வீடு திரும்பினேன்.

திருவிழாவுக்கு பிரின்ஸ் வந்தான். வீட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். சென்சார் முன்னால் கையை ஆட்டினான், கதவைத் திறந்து மூடினான், போனைப் பார்த்துப் பார்த்துத் தலையாட்டினான். எல்லாம் சரியாக இருந்தது. அண்ணாச்சி பெருமையோடு மாடிக்குப் போய்விட்டார். "இருந்தாலும் அம்மா, சிஸ்டத்தை நம்பி உங்க ரெண்டு பேரையும் தனியா விட முடியுமா?" என்று அவன் ஆரம்பித்தான். சென்னை பிளாட்டின் படத்தையும் எடுத்துவிட்டான்.

டீச்சர் எழுந்து அடுக்களைக்குப் போய், எல்லோரும் பார்க்க, அந்த ஸ்விட்சை அணைத்தார்.

நாங்கள் மாடிப்படியைப் பார்த்தோம். அண்ணாச்சி வந்தார். செருப்பு ஒன்று படியில் கழன்றுவிட்டது, அதை எடுக்க நிற்கவில்லை. காதிலிருந்து இறங்கிய ஹெட்போன் கழுத்தில் கிடக்க, அதன் ஒயர் பின்னால் இழுபட, மகனையும் என்னையும் கவனிக்காமல் நேரே டீச்சரிடம் போய்த் தோளைத் தொட்டு, "ஒண்ணுமில்லலா? ஒண்ணுமில்லலா?" என்றார். வாக்கியம் முடிந்தும் அவர் ஓவர் சொல்லவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். அதற்கப்புறம்தான் பிரின்ஸின் போன் டிங் என்றது.

"ஏலே, உன் போன் சொல்லுததுக்கு முன்னால யாரு வந்து நிக்கான்னு பாத்தியா?" என்றார் டீச்சர், வகுப்பில் கேட்பதுபோல.

பிரின்ஸ் அப்பாவின் காலைப் பார்த்தான், ஒற்றைச் செருப்பு. போனை அணைத்துப் பையில் போட்டுக்கொண்டான். "சரிம்மா. இங்கனயே இருங்க" என்றான். பிளாட் பேச்சு அதன்பிறகு அந்த வீட்டில் எழவே இல்லை.

அவன் ஊருக்குப் போனபின், என் மனத்தாங்கலை அண்ணாச்சியிடம் கொட்டினேன். இப்போதாவது தெரிந்ததா, அறுத்தது யாரென்று? என் வைஃபையை எத்தனை பேர் முன்னால் திட்டினீர்கள்?

அண்ணாச்சி அடுக்களைப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். அவர் குரல் தாழும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும். "எந்தப் பிளக்கு, எப்ப அணைஞ்சு, எப்ப எரிஞ்சுன்னு எல்லாம் எனக்குக் காட்டுமேவே. முதல் நாளே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டேயா அண்ணாச்சி காக்காய விரட்டுனீய? என்னையத் திட்டுனீய?"

"யாரையாவது சந்தேகப்பட்டாத்தானவே அவ கூச்சப்படாம அணைப்பா? தெரிஞ்சுபோச்சுன்னா விட்டுருவாளே. ராடாரச் சந்தேகப்பட்டேன், காக்காயச் சந்தேகப்பட்டேன், உம்மையும் சந்தேகப்பட்டேன். அவளையாவே சந்தேகப்படச் சொல்லுதீரு?"

திருவிழா முடிந்து, டீச்சர் எல்லோரும் பார்க்க அணைத்ததை எல்லோருமே மறந்துவிட்டதுபோல நடந்துகொண்டோம். ஒரு சாயங்காலம் மறுபடியும் பஸ்ஸர் கத்தியது. படியில் தடதடவென்று சத்தம், பிறகு சுவருக்கு அந்தப்பக்கமிருந்து கப்பல் குரல் கேட்டது. "என்னவே, இன்னைக்கும் உம்ம வைஃபைதானா?"

என் வைஃபை பெட்டி ரிப்பேராகி அன்றைக்குக் கடையில் கிடந்தது.

"ஆமா அண்ணாச்சி," என்று சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன், "என் வைஃபைதான். நீங்க டீச்சர் பக்கத்துல கொஞ்ச நேரம் இருங்க, நான் மெள்ளச் சரிபண்ணுதேன்."